வெள்ளியங்கிரி கொண்டுவந்த உரல்

இலங்கைக்குப் போன பட்டாளத்தில் வெள்ளியங்கிரி சமையல்காரர். துப்பாக்கியைவிடக் கரண்டியைத்தான் அதிகம் பிடித்தவர். வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் மட்டும் தினம் ஒரு சண்டை நடக்கும். வெலிங்டனில் பழைய பட்டாளத்தார் குடும்ப விழாவில் அவற்றை வாசிக்கச் சொன்னதும் மனுசனுக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் மனைவி சுசீலாவுக்கோ அது பிடிக்கவில்லை. காரணம் ஒரே ஒரு கடிதம். 'நாங்கள் தங்கியிருக்கும் வீட்டு ஆட்கள் ஓடிவிட்டார்கள். இடியாப்பம் பிழிகிற நல்ல மர உரல் கிடக்கிறது. லீவில் கொண்டு வருகிறேன்.'

இன்றுவரை அதில்தான் பிழிகிறாள். அதைத் தின்று, "எங்க சிலோன் பதம் அப்படியே இருக்குக்கா" என்று பாராட்டுபவள் பக்கத்து வீட்டு விஜயா. சின்ன வயதில் சிலோன் தோட்டத்திலிருந்து வந்து, குன்னூரில் கொழுந்து பறிப்பவள். அவள் அக்கா மட்டும் இங்கே வராமல் இலங்கையின் வடக்கே வன்னியில் குடியேறிவிட்டாள். பட்டாளம் தங்கிப்போன தன் வீட்டுக்கு அக்கா திரும்பியபோது சுவர்தான் மிச்சம். விஜயா அதைச் சொல்லும்போதெல்லாம் சுசீலா அவள் தட்டில் இன்னும் இரண்டு இடியாப்பம் வைத்துப் பேச்சை மாற்றுவாள். அவளை விட்டால் சுசீலாவுக்கு வேறு சிநேகிதி கிடையாது.

ஆகவே அந்தக் கடிதத்தை அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டு, விஜயாவையும் தைரியமாக விழாவுக்குக் கூட்டிப்போனாள்.

மேடையில் வெள்ளியங்கிரி கடிதக் கட்டைப் புரட்டிப் பார்த்தார். அந்தக் கடிதம் இல்லை. "போனாப் போகுதுங்க, எனக்கு மனப்பாடம்" என்று உரல் கதையை ஓர் எழுத்து விடாமல் ஒப்பித்தார். கூட்டம் சிரித்துக்கொண்டே செல்போனில் படம் பிடித்தது. சுசீலாவுக்கு அவரை அங்கேயே பிழிந்துவிடலாம் போலிருந்தது.

விஜயா சிரிக்கவில்லை. வீடு திரும்பியதும் சுசீலாவின் அடுப்படியில் வந்து நின்றாள்.

"அது உங்கக்காளோடதா இருக்காது விஜயா" என்றாள் சுசீலா. சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

"இருக்காதுதான். யாரோ ஒரு அக்காவோடது."

சுசீலா உரலைத் துடைத்துத் தன் நல்ல சேலையில் சுற்றிக் கொடுத்தாள்.

"எங்கக்கா மகன் வந்தா குடுத்து விடுறேன். அதுவரைக்கும் நான் பிழியிறேன். காலையில நீங்க நம்ம வீட்டுக்கு வந்துருங்கக்கா."

"ஏம்மா, அப்ப எனக்கு?" என்றார் வெள்ளியங்கிரி.

"நீங்க பாண் தின்னுங்கண்ணே. எங்கக்கா திரும்பி வந்து அதத்தான் தின்னா. உங்க பட்டாளம் குடுத்தது."

பாண் என்றால் ரொட்டி. அங்கே வரிசையில் நின்ற பெண்களுக்கு அதை அறுத்து நீட்டியவர் வெள்ளியங்கிரிதான். அதை மட்டும் அவர் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை.