சகலையின் கதிர்த் துப்பாக்கி

நான்காவது திருகு கழல மறுத்தது.

'பெரிய துப்பாக்கி' என்று எல்லாரும் கூப்பிடும் அந்த மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினார். வெளியே படப்பிடிப்புத் தளத்தில் உதவி இயக்குநர், "பத்து நிமிஷம்! பத்தே நிமிஷம்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். சாமான் அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. யார் வேண்டுமானாலும் தலையை நீட்டலாம்.

கடக். திருகு வழிக்கு வந்தது. கதிர்த் துப்பாக்கியின் வயிறு திறந்துகொண்டது.

அது அவருடைய துப்பாக்கி அல்ல. அவருடைய சகலை செய்தது.

விண்வெளித் தொடர்கள் எடுக்கும் அந்தக் கம்பெனியில் பொம்மை ஆயுதம் செய்ய இரண்டே பேர். அக்காளைக் கட்டியவர் பெரிய துப்பாக்கி. தங்கையைக் கட்டியவன் சின்னத் துப்பாக்கி. தளத்தில் யாரோ வேடிக்கைக்கு வைத்த பெயர்கள், நிலைத்துவிட்டன. பெரியவருக்குப் பதினெட்டு வருஷ அனுபவம். சின்னவனுக்கு மூன்று. அவனைக் கூட்டிவந்து சேர்த்துவிட்டதே பெரியவர்தான்.

புதுத் தொடரின் கதாநாயகி விண்கலக் கேப்டன். நூறு வாரம் அவள் கையில் மின்னப்போகும் துப்பாக்கிக்கு இருவரும் ஆளுக்கொரு மாதிரி செய்து கொடுத்தார்கள். டைரக்டர் சின்னவனுடையதைத் தூக்கினார். கீழே வைக்கவே இல்லை. பெரியவருக்குக் கிடைத்தது வில்லனின் காவலாட்கள் ஏந்தும் துப்பாக்கிகள். தூரத்தில் மங்கலாகத் தெரியும், ஆள் செத்து விழுந்ததும் கேமரா மறந்துவிடும் சரக்கு.

"இன்னிக்கு க்ளோஸப்ல ஏதாவது சொதப்புச்சுன்னா உங்களோடதை எடுத்துக்கலாம் சார்" என்றிருந்தார் டைரக்டர். ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை. பெரியவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

பொறாமைப்படுகிறவனுக்கு உள்ள ஒரே சுகம், எதிராளியின் வேலையில் நாலு குற்றம் கண்டுபிடிப்பது. ஒரு வாரமாகத் தேடியும் ஒன்றுகூட அகப்படவில்லை. அதிலும் அந்தக் கைப்பிடி! உள்ளங்கையில் வந்து தானாக உட்காரும் வளைவு. ராத்திரி படுத்தால் கண்ணுக்குள் அதுதான் வந்து நின்றது.

உள்ளே விளக்கை எரியவைக்கும் மின்சுற்றுப் பலகையைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டார். அதன் இடத்தில் ஒரு மட்டரகப் பலகையைப் பொருத்தினார். அது விளக்கை நொடிக்குப் பல நூறு தடவை அணைத்து ஏற்றும். மனிதக் கண் ஏமாந்துபோகும்; கேமரா ஏமாறாது. ஆயுதம் செய்கிறவனுக்கு மட்டுமே தெரிந்த துரோகம்.

கடைசித் திருகை முடுக்கவும், சின்னவன் கதவைத் தள்ளவும் சரியாக இருந்தது.

"அண்ணே, எடுத்துக்கிட்டுப் போகட்டுமா? அங்கே கூப்பிடுறாங்க."

"துடைச்சு வச்சிருக்கேன். கொண்டு போ."

"நீங்க தெய்வம்ணே!"

பெரியவர் ஸ்க்ரூ டிரைவரை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

தளத்தில் கேப்டன் முழு விண்வெளி உடையில் நின்றாள். பெரியவரின் மனைவி அவள் கையில் தடித்த கையுறையை மாட்டி, மணிக்கட்டில் கடைசித் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். உடைப் பிரிவில் கையுறை தைப்பது அவள் வேலை.

"ஆக்‌ஷன்!"

கேப்டன் திரும்பினாள், குறிபார்த்தாள், சுட்டாள். வாயாலேயே "ப்ஜ்யூ!" என்றும் சொன்னாள்.

"அம்மா, சத்தம் நாங்க அப்புறம் போட்டுக்கறோம்! நீங்க சும்மா சுடுங்க!" என்று டைரக்டர் தலையில் கை வைத்தார். அடுத்த கணம் மானிட்டரைப் பார்த்து எழுந்தே விட்டார். திரையில் துப்பாக்கியின் ஒளி வரிக்குதிரைபோலக் கறுப்புப் பட்டைகளாகத் துடித்தது.

"என்னய்யா இது? துப்பாக்கியா, பழுதான டியூப் லைட்டா?"

சின்னவனுக்கு வேர்த்துக் கொட்டியது. பெரியவர் தம் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. கையிலிருந்த நூல் அறுந்து தொங்கியது.

"பதறாதீங்க அண்ணி, சரி பண்ணிடலாம்" என்றான் சின்னவன்.

பெரியவருக்கு வயிறு இன்னொரு மடங்கு எரிந்தது. தங்கை புருஷனுக்கு ஒன்று என்றால் இப்படித் துடிக்கிறாள்! எனக்காக ஒரு நாள், ஒரே நாள் துடித்திருப்பாளா?

"பெரியவரோடதைக் கொண்டு வாங்க!"

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எல்லாம். வெல்வெட் துணியிலிருந்து தம் துப்பாக்கியை எடுத்துப் பணிவாக நீட்டினார். கேப்டன் வாங்கினாள். விரலை நுழைத்தாள். மறுபடி நுழைத்தாள்.

"சார், விசை வளையத்துக்குள்ள விரலே போகலையே. கையுறையைக் கழட்டிட்டுச் சுடட்டுமா? விண்வெளில சளி பிடிக்குமே!"

தளமே சிரித்தது. பெரியவர் தம் வெறும் கையைப் பார்த்தார். பதினெட்டு வருஷமாக எல்லாத் துப்பாக்கிக்கும் அளவு அந்தக் கைதான்.

"அரை மணி நேரம் தர்றேன்" என்றார் டைரக்டர். "ரெண்டு பேரும் உட்கார்ந்து சின்னவரோடதைச் சரி பண்ணுங்க. முடியலைன்னா அந்தத் துப்பாக்கியே வேண்டாம், கேப்டனுக்குக் கத்தியைக் குடுத்துடறேன்."

சாமான் அறையில் சின்னவன் துப்பாக்கியின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு விழித்தான்.

"நல்ல போர்டுதாண்ணே வச்சேன். என்ன ஆச்சுன்னே புரியல. அண்ணி முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

தெரியாது என்று கையை விரித்தால் போதும். இந்தத் துப்பாக்கியின் கதை முடிந்தது. பெரியவர் கையை விரிக்கத்தான் நினைத்தார். ஆனால் அந்த வளைவு மறுபடி கண்ணில் பட்டது. இதைக் குப்பையில் போடுவதா? கை தானாகச் சட்டைப் பைக்குள் போயிற்று. அசல் பலகையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

சின்னவன் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஏண்ணே?"

"வயித்தெரிச்சல். போதுமா? இந்தப் பிடியை நான் செஞ்சிருக்கணும்டா. பதினெட்டு வருஷத்துல எனக்கு இப்படி ஒண்ணு வாய்க்கல. நேத்து வந்தவன் நீ செஞ்சுட்டே."

சின்னவனுக்குக் கோபம் வரவில்லை. பரிதாபமாகச் சிரித்தான்.

"என் மேல எதுக்குண்ணே எரியணும்? நான் போட்டது விளக்கும் திருகும்தான்."

"அப்ப பிடி?"

"வெளியில சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியாச்சு. கையுறை போட்ட கைக்கு எப்படிப் பிடி இருக்கணும்னு மூணு மாதிரி செதுக்கி, மூணு தடவை உங்ககிட்டதான் முதல்ல கொண்டு வந்தாங்களாம். நீங்க தலையைக்கூடத் தூக்காம, 'போய்த் தைக்கிற வேலையைப் பாரு'ன்னீங்களாம். அதுக்கப்புறம்தான் அதை எடுத்துக்கிட்டு என்கிட்ட வந்தாங்க அண்ணி."