மாடியில் நடந்த ஏலம்

நகரசபை ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸைக் கதவுக்காரி மூன்று தடவை படித்தாள். நகரசபைக்குச் சொந்தமான நூற்றைம்பது வருஷத்து வீடு. ஊரின் முதல் நீதிமன்றம் நடந்த இடம். 'முற்றிலும் சிதிலம். மாடித்தளம் ஐந்து பேருக்கு மேல் தாங்காது. இடிக்கும் நிபந்தனையுடன் ஏலம்' என்று பொறியாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். கீழே பழைய கதவு, ஜன்னல் வாங்கி விற்கும் கடை அவளுடையது. பின்னால் இருந்த இரண்டு அறையில்தான் அவளும் நாத்தனாரும் வாடகைக்குக் குடியிருந்தார்கள். ஏலம் முடிந்தால் பிழைப்பும் போகும், இருப்பிடமும் போகும்.

"அழுது ஒரு மனு குடுத்துப் பாக்கலாமா அண்ணி?"

"மனுவா? வாங்கப்போற கதவைத்தான் செல்லரிச்சதுன்னு சொல்லுவேன். விக்கப்போற கதவை என்னைக்காவது அப்படிச் சொல்லியிருக்கேனா? தங்களோட சரக்கை இவங்களே காறித் துப்புறாங்கடி. வாங்குறவன் யாருன்னு முடிவாயிடுச்சு."

ஏலத்தன்று காலை ஒரே காரிலிருந்து நான்கு போட்டியாளர்கள் இறங்கினார்கள்: காண்ட்ராக்டர், அவர் மச்சான், மச்சானின் தம்பி, டிரைவர்.

நகரசபை ஏல விதி பழையது. விற்கிற கட்டடத்துக்குள்ளேயே ஏலம் நடக்க வேண்டும். வந்தவர்களை நிற்கவைத்துப் படம் எடுத்து ஃபைலில் கோக்க வேண்டும். விதியில் ஒரு வரி தவறினாலும் ஏல அதிகாரிக்குச் சோறு இறங்காது. ஆனால் பொறியாளரின் அறிக்கையை அவர் படித்ததில்லை. அடுத்த மேஜைக் காகிதத்தைப் படிப்பது அந்த அலுவலகத்தில் மரியாதைக் குறைவு.

கீழ்க் கூடத்தில் கதவுகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. அண்ணியும் நாத்தனாரும் முந்தின நாள் முழுக்கப் பாடுபட்டு அப்படி அடைத்திருந்தார்கள்.

"என்னம்மா இது? நிக்கவே இடமில்லையே!" என்றார் அதிகாரி.

"வியாபாரம் படுத்துக்கிச்சு சார். மாடி ஹால் காலியாத்தான் இருக்கு. ஜன்னலைத் தொறந்தா காத்து பிச்சுக்கும்."

அறிக்கை எந்த லட்சணத்தில் எழுதப்பட்டது என்று காண்ட்ராக்டருக்குத் தெரியும். அதனால் பயமில்லாமல் அவரே முதலில் ஏறினார். பின்னால் தையல்காரர் வந்தார், முடிதிருத்துபவர் வந்தார், கதவுக்காரி சொல்லிவைத்திருந்த தெருவே வந்தது. சைக்கிள் கடைக்காரர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார். சுவரில் காரை உதிர்ந்திருந்தது, வண்ணக் கண்ணாடி பாதி உடைந்திருந்தது. தளம் மட்டும் அசையாமல் கிடந்தது.

"நெருங்கி நில்லுங்க, நெருங்கி நில்லுங்க" என்று அதிகாரியோடு வந்த குமாஸ்தா படம் எடுத்து முடித்தார்.

கதவுக்காரி நோட்டீஸை நீட்டினாள். "படத்துல தலையை எண்ணுங்க சார். முப்பத்தொண்ணு. இதுல அஞ்சுன்னு போட்டிருக்கு."

அதிகாரி முதல் தடவையாக அதைப் படித்தார். அவர் கால் தானாகப் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தது. "இறங்குங்க! எல்லாரும் இறங்குங்க! ஆபத்து!"

"ஆபத்துன்னா எங்களை இங்க நிக்கவச்சது யாரு? ஆபத்து இல்லேன்னா இடிக்கச் சொன்னது யாரு? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க, இறங்குறோம்."

ஒருவரும் அசையவில்லை.

"அந்தப் படத்தை அழிச்சிடுங்க சார்" என்றார் காண்ட்ராக்டர்.

"விதிப்படி எடுத்த படத்தை அழிக்கிறதா!" அதிகாரி பதறிப்போனார்.

காண்ட்ராக்டர் அவள் பக்கம் திரும்பினார். "பெரிய இடத்துல மோதுற, பாத்துக்க."

"பெரிய இடமா? நாலு பேரும் ஒரே கார்ல இடுக்கிக்கிட்டு வந்ததைத்தான் பாத்தேனே!"

சிரிப்பு அடங்கியதும் அதிகாரி ஏடு திறந்து 'ஏலம் நிறுத்தம். காரணம்' என்று எழுதிப் பேனாவைத் தூக்கிப் பிடித்தார்.

"கட்டடம் இன்னும் நூறு வருஷம் தாங்கும்னு எழுதுங்க."

"அதெல்லாம் முடியாதும்மா. கண்ணால பாத்ததைத்தான் நான் எழுத முடியும்."

கதவுக்காரி பெருமூச்சு விட்டாள், நஷ்டத்துக்கு விற்பவள் மாதிரி. "சரி, உங்களுக்காக விட்டுக்குடுக்கிறேன். பாத்ததையே எழுதுங்க."

அவர் எழுதினார்: 'முப்பத்தொரு பேரும் ஒரு சைக்கிளும் மாடியில் இருந்தும் தளத்தில் அசைவில்லை. மறு ஆய்வு தேவை. அதுவரை விற்பனை இல்லை.' ஏலம் கேட்க வந்தவர்கள் அடியில் கையெழுத்துப் போட வேண்டும் என்பதும் விதிதான். காண்ட்ராக்டர் பேனாவை வாங்காமல் படிக்கட்டுக்கு நடந்தார்.

கதவுக்காரி படிவாசலில் இரண்டு பக்கமும் கையை ஊன்றி நின்றாள்.

"போட்டுட்டுப் போங்கண்ணே. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."