நொண்டாத வம்சம்

வெள்ளிக்கிழமை காலைப் பயிற்சி முடிந்து வந்த குதிரையின் இடது முன்னங்காலில் சூசைராஜ் புறங்கையை வைத்துப் பார்த்தார். சுட்டது. கையை எடுத்து வலது காலில் வைத்தார். அது குளிர்ந்து கிடந்தது. மறுபடி இடது காலுக்கு வந்தார். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு நன்றாகவே சுட்டது. 

மலக்பேட்டை ரேஸ் லாயங்களில் உள்ளங்கையை வைத்து யாரும் கால் பார்ப்பதில்லை. முப்பது வருஷம் பிரஷ்ஷும் மண்வெட்டியும் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கைக்குச் சூடு எங்கே தெரியப்போகிறது? புறங்கைதான் பொய் சொல்லாது. குதிரைக்குத் தீனி வைத்து, தேய்த்து, நடத்தி, கூடவே கிடக்கிற ஆளுக்கு சைஸ் என்று பெயர். சைஸ் தினமும் நாலு காலையும் இப்படிப் பார்க்க வேண்டும். சூடு இருந்தால் டிரெய்னரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் குதிரை ஓடாது. சொல்லாவிட்டால் ஓடும்; உள்ளே விரிசல் விட்டிருந்தால் நட்ட நடு ஓட்டத்தில் எலும்பு படக்கென்று போகும். குதிரை குப்புற விழும். மேலே இருப்பவன் கீழே கிடப்பான், பின்னால் வருகிற பத்துக் குதிரையும் அவன்மேல் ஏறிப் போகும். இது லாயத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

தெரிந்தும் மனிதர் வாயைத் திறக்கவில்லை.

ஏனென்றால், போன சீசனில் இதே காலில் சூடு வந்து மூன்று மாதம் கட்டிப்போட்டபோது டிரெய்னர் வெங்கடகிருஷ்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். "இன்னொரு தடவை கால் போச்சுன்னா லாரிதான், சூசை. தண்டத்துக்குத் தீனி போட முடியாதுன்னு ஓனர் சொல்லிட்டார்."

லாரி என்றால், ஊருக்கு வெளியே இருக்கிற அந்தப் பண்ணை. பாம்புக்கடி மருந்துக்காகக் குதிரைக்கு விஷம் ஏற்றி, ரத்தம் எடுப்பார்கள். ஒரு கிழட்டுக் குதிரையை விட்டுவிட்டு வர சூசைராஜ் ஒருமுறை அங்கே போயிருக்கிறார். கழுத்தெல்லாம் ஊசித் தழும்போடு வரிசையாக நின்ற குதிரைகளில் ஒன்று அவரைப் பார்த்துக் கனைத்தது. பார்த்தால், அவர் கையால் வளர்ந்தது! அன்றைக்கு அழுத அழுகை அவருக்குத்தான் தெரியும். இப்போதும் பஸ் அந்தப் பக்கம் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஆகவே ஐஸ். ஒரு வாளி நிறைய ஐஸ்கட்டி வாங்கி வந்து, குதிரையின் காலை அதில் இறக்கி நிறுத்தினார். அது சமர்த்தாக நின்று அவர் சட்டைப் பையை முகர்ந்தது. பையில் எப்போதும் ஒரு துண்டு வெல்லம் இருக்கும்.

ரேஸ் புத்தகத்தில் அதன் பெயர் 'வெல்வெட் ரோட்'. லாயத்தில் வெல்லம். ஐந்து வயது; பதினாலு ஓட்டம், ஐந்து வெற்றி, மூன்று இரண்டாமிடம். தகப்பன் 'லாங் ரோட்', தாய் 'வெல்வெட் ஆர்டர்', தாயின் தாய் அயர்லாந்திலிருந்து சினையாக வந்த 'சைலன்ட் ஆர்டர்'. இவ்வளவும் அச்சில் இருக்கிறது. அச்சில் இல்லாத ஒன்று சூசைராஜுக்குத் தெரியும்: இந்த வம்சம் நொண்டாது.

மற்ற குதிரை என்றால் கால் வலித்தால் தலையை ஆட்டும், காலைத் தூக்கும், நொண்டும். பார்த்ததும் டாக்டர் நிறுத்திவிடுவார். இந்த வீட்டுக் குதிரைகளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. அயர்லாந்துக்காரி எலும்பு விட்டுப்போன காலோடு ஓடி இரண்டாவதாக வந்ததாகக் கதை. தாயைச் சூசைராஜே வளர்த்தார். பதினோரு ஓட்டத்தில் ஆறு வெற்றி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பன்னிரண்டாவது ஓட்டத்துக்கு அவள் துள்ளிக்கொண்டு போனாள். கடைசி வளைவில் கால் முறிந்தது. குட்டி போட ஆகும் என்று அவளைப் பிழைக்க வைத்தார்கள். மேலே இருந்த ஜாக்கி கணேஷ்குமாருக்கு முதுகெலும்பு போயிற்று. இன்றைக்கும் ஒவ்வொரு ரேஸ் நாளும் அவர் மூன்று சக்கர வண்டியில் உட்கார்ந்து கேட்டருகே ரேஸ் புத்தகம் விற்கிறார். 'சூசையண்ணா, சாப்டீங்களா' என்று சிரித்தபடியே கேட்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் சூசைராஜ் பின்வழியாகப் போவதும் உண்டு.

வெல்லத்துக்குக் குட்டி போடுகிற வழியும் இல்லை. இரண்டு வயதிலேயே காயடித்துவிட்டார்கள். ஓடினால் தீனி, ஓடாவிட்டால் லாரி.

ஞாயிறு ரேஸ் நாள். காலை ஒன்பது மணிக்குக் கால்நடை டாக்டர் ஹர்ஷிதா வந்தாள். சின்னப் பெண்தான், ஆனால் கெட்டிக்காரி. அரை மணி முன்பு வரை கால் ஐஸில் இருந்தது. துடைத்துக் காயவைத்து, தவிட்டுப் புழுதியைத் தேய்த்து, நாலு காலும் ஒன்றுபோலத் தெரியும்படி செய்துவைத்திருந்தார் மனிதர். டாக்டர் தொட்டுப் பார்த்தாள். இப்படியும் அப்படியும் ஓடவிட்டுப் பார்த்தாள். வெல்லம் கல்யாண ஊர்வலக் குதிரைபோல அலட்டிக்கொண்டு ஓடிற்று. நொண்டினால்தானே! டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

பத்து மணிக்கு ஜாக்கி வந்தான். பம்பாயிலிருந்து வந்திருந்த ஜுனைத். இருபத்திரண்டு வயது இருக்கும். குதிரையின் நெற்றியைத் தடவிக்கொடுத்தான். பிறகு பெரியவர் என்ற மரியாதையோடு குனிந்து, "காலெல்லாம் டீக் இருக்கா, சாச்சா?" என்று ஹிந்தியில் கேட்டான்.

"ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ், பேட்டா. பயமில்லாம ஓட்டு."

அவன் நம்பினான். ஒரு டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். சூசைராஜ் அந்த டீயைக் குடித்தார். வெல்லம் ஜெயித்துவிட்டால் ஓய்வுக்கு அனுப்பிவிடுவார்கள், கால் ஆறிவிடும் என்றுதான் மனசு கணக்குப் போட்டதே தவிர, அந்தப் பையனைப் பற்றி ஒரு கணம்கூட நினைக்கவில்லை.

மத்தியானம் தூறல் போட்டது. வெல்லம் ஓட வேண்டியது அன்றைய ஐந்தாவது ரேஸில். இரண்டாவது ரேஸ் முடிந்து சற்று நேரத்தில் வெங்கடகிருஷ்ணன் வேகவேகமாக லாயத்துக்கு வந்தார்.

"சூசை, ஜுனைதை ஒரு குதிரை ஸ்டார்ட்டிங் கேட்லயே உதறித் தள்ளிடுச்சு. மணிக்கட்டு வீங்கிருக்கு, இன்னிக்கு ஏறக் கூடாதுன்னுட்டாங்க. உங்க மாப்பிள்ளையையே போட்டுட்டேன். எடை சரியா இருக்கு. சந்தோஷந்தானே?"

சூசைராஜ் கையிலிருந்த பிரஷ் கீழே விழுந்தது. டிரெய்னர் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டு முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை குமரவேல். ஒரே மகள் ஷர்மிளாவின் புருஷன். ஜாக்கிக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றவர் சூசைராஜ், கணேஷ்குமாரைப் பார்த்தவராயிற்றே. மகள் கேட்டால்தானே. தோள்பட்டை எலும்பு உடைந்து எட்டு மாதமாக ஒரு ரேஸ்கூட இல்லாமல், காலைப் பயிற்சிக்குக் குதிரை ஓட்டிக் காலம் தள்ளிக்கொண்டிருந்தான் குமரவேல். இன்றைக்கு வந்து வாய்த்திருக்கிறது பாருங்கள்!

 குதிரையை நடத்திக்கொண்டு போனார். மேலே மெட்ரோ ரயில் போன சத்தத்துக்கே உடம்பு தூக்கிப் போட்டது. வளைவைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தார். கண் அங்கேதான் போயிற்று. ஒன்பது வருஷத்துக்கு முன் கணேஷ்குமாரை வெள்ளைத் துணியால் மறைத்து நின்ற இடம். அந்தத் துணிக்குப் பின்னால் மஞ்சள் சட்டையில் குமரவேல் கிடப்பதுபோலத் தெரிந்தது. சேசுவே, சேசுவே என்று வாய் தானாக முணுமுணுத்தது.

குதிரைகளைச் சுற்றி நடத்துகிற வளையத்துக்குள் குமரவேல் முகமெல்லாம் பல்லாக வந்தான். பக்கத்தில் டிரெய்னர், குடையோடு ஓனர்.

"வேலு," என்றார் சூசைராஜ் அடிக்குரலில். "இன்னிக்கு ஏற நக்கோப்பா."

"கைக்கு மாமா, ஏன் ஏற வேணாம்?"

"மனசு சரியில்ல."

"உங்க மனசு என்னிக்குத்தான் சரியா இருந்துச்சு? எங்க கல்யாணத்தன்னிக்கே இதையேதான் சொன்னீங்க!" என்று சிரித்தான் அவன். "அங்க பாருங்க, யாரு வந்திருக்காங்கன்னு. ஃபோன் போட்டதும் நாச்சாரத்துலேர்ந்து ஆட்டோ புடிச்சு வந்துட்டா."

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஷர்மிளா நின்றிருந்தாள். கணேஷ்குமாரின் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று, அவரிடம் வாங்கிய புத்தகத்தைத் தலைக்கு மேல் பிடித்து ஆட்டினாள். கணேஷ்குமாரும் கை ஆட்டினார்.

சொல்லு, இப்பவே சொல்லு என்று உள்ளே ஒரு குரல் அடித்துக்கொண்டது. டிரெய்னரின் முகத்தைப் பார்த்தார், வாய் மூடிக்கொண்டது. ஒருவேளை ஒன்றும் ஆகாது. ஒருவேளை சூடு இறங்கியிருக்கும். சேணத்தின் வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து, இடது காலில் புறங்கையை வைத்தார்.

தோசைக்கல் மாதிரி இருந்தது. ஐஸ் எத்தனை நேரத்துக்குத் தாங்கும்? வெல்லம் காலை இம்மி அசைக்கவில்லை. குனிந்து அவர் பையைத் தேடிற்று.

மணி அடித்தது. குமரவேல் ஏறி உட்கார்ந்தான். கடிவாளத்தோடு மாட்டிய வாரைப் பிடித்து, ஓடுபாதை தொடங்குகிற திறப்பு வரை சூசைராஜ் நடத்திப் போனார். அங்கே கொக்கியைக் கழற்றிவிட வேண்டும். முன்னால் போன மூன்று குதிரையும் கழன்று பாய்ந்தன.

இவர் கழற்றவில்லை.

"மாமா, விடுங்க."

அவர் வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

"விடுங்க மாமா! என்ன பண்றீங்க, எல்லாரும் பாக்கறாங்க!"

"டாக்டரம்மா!" என்று கத்தினார் சூசைராஜ். அந்தக் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. திறப்பருகே ஜீப்பில் சாய்ந்து நின்றிருந்த ஹர்ஷிதா திரும்பினாள். "டாக்டரம்மா, காலு சுடுது! இடது காலு. வெள்ளிக்கிழமைலேர்ந்து சுடுது. நான்தான் ஐஸ் வெச்சு மறைச்சேன். இவன் நொண்ட மாட்டான்மா, இவன் அம்மாவும் நொண்டல. ஓட விடாதீங்க, கையெடுத்துக் கும்புடறேன்!"

தமிழும் தெலுங்கும் ஹிந்தியும் கலந்து என்னென்னவோ வந்து விழுந்தது. டாக்டருக்குப் புரிந்துவிட்டது. குமரவேலை இறங்கச் சொல்லிவிட்டுக் காலைத் தொட்டாள். பிறகு நிமிர்ந்து சூசைராஜை ஒரு பார்வை பார்த்தாள். நாலாம் நம்பர் குதிரை விலக்கப்படுகிறது என்று ஒலிபெருக்கி சொல்லியது. அதன்மேல் பணம் கட்டியவர்கள் போட்ட கூச்சலில் காது கிழிந்தது.

"எட்டு மாசம் மாமா," என்று குமரவேல் பல்லைக் கடித்தான். "எட்டு மாசம் கழிச்சு ஒரு சான்ஸு. நல்லா இருங்க."

குதிரை ஆஸ்பத்திரிக் கொட்டகையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஹர்ஷிதா படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். எலும்பின் நடுவில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு ஓடியது.

"வளைவு வரைக்கும்கூடத் தாங்கியிருக்காது," என்றாள்.

குமரவேல் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமெல்லாம் வடிந்து முகம் வெளுத்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தான். ஓடி வந்திருந்த ஷர்மிளா அப்பாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு விசும்பினாள். "உங்களுக்கு வேலை போனா போவட்டும்பா. நான் பாத்துக்கறேன். என் புருஷனைத் திருப்பிக் குடுத்துட்டீங்க, அது போதும்."

வேலை போய்விட்டதுதான். இனி எந்த லாயத்திலும் நுழையக் கூடாது என்று வெங்கடகிருஷ்ணன் வாசலில் நின்றே சொல்லிவிட்டார். லாரி திங்கட்கிழமை வரும் என்பதையும் சொன்னார். சூசைராஜ் பையிலிருந்த வெல்லத்துண்டை எடுத்துக் குதிரைக்குக் கொடுத்தார். அது கடகடவென்று தின்றது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. ஆனாலும் நெஞ்சிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியிருந்தது. மகள் கை கையில் இருந்தது, மாப்பிள்ளை முழுசாக எதிரில் இருந்தான்.

அப்போதுதான் கொட்டகை வாசலில் ஜுனைத் நிற்பதைப் பார்த்தார்கள். மணிக்கட்டில் கட்டு போட்டிருந்தது. எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியாது. டாக்டர் கையிலிருந்து எக்ஸ்ரே படத்தை வாங்கி, அவனும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"எப்பலேர்ந்து சுடுது, சாச்சா?"

 ஹர்ஷிதாதான் சொன்னாள், வெள்ளிக்கிழமையிலிருந்து என்று.

ஜுனைத் கட்டுப் போடாத கையில் வெள்ளி, சனி, ஞாயிறு என்று விரல் மடக்கினான். திட்டவில்லை, சத்தம் போடவில்லை. பள்ளிக்கூடப் பையன் சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டான்.

"காலைல நான் உங்ககிட்ட கேட்டேனே சாச்சா?"

 குமரவேல் தலையைக் குனிந்துகொண்டான். ஷர்மிளா ஜுனைதைப் பார்த்தாள்; அவன் கைக்கட்டைப் பார்த்தாள்; பிறகு அப்பாவைப் பார்த்தாள். பிடித்திருந்த அவர் கையை மெதுவாகக் கீழே இறக்கி விட்டாள்.