கடைசிப் பக்கத்து மனு

பரவை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் காலனியில் பாண்டிமீனா வீடு எது என்று கேட்டால், "மனு எழுதுமே, அந்தப் பிள்ளையா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். இஞ்சினியருக்குப் படித்த பிள்ளை என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஏழாம் வகுப்பில் படிக்கும்போது தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு அவள் எழுதியதுதான் முதல் மனு. பதினோரு மனு எழுதினாள். அவளுடைய அப்பா கருப்பு, மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர், திங்கட்கிழமைதோறும் வேலையை விட்டுவிட்டுக் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் போய் நின்றார். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது பொய்யில்லை. குழாய் வந்தது. அன்றிலிருந்து பட்டா, பென்ஷன், சாதிச் சான்றிதழ் எதுவானாலும் பாண்டிமீனாவின் முத்து முத்தான கையெழுத்தில் 'தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்' என்று முடிந்தால்தான் காரியம் நகரும் என்று காலனி நம்பியது. காலனி நம்பியதில் தப்பில்லை. அவளும் நம்பியதுதான் வினையாகப் போயிற்று.

அவள் படித்தது சிவில் இஞ்சினியரிங். நாற்பத்தேழு பேப்பர் பாஸ். ஒன்றே ஒன்று நின்றது. முதல் வருஷத்துக் கணக்கு, டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் 'வகைக்கெழுச் சமன்பாடு' என்று படித்தபோது அவளுக்கு அதன்மேல் பகை கிடையாது. கல்லூரியில் முதல் நாளே ஒருவர் வந்து போர்டைப் பார்த்தபடி இங்கிலீஷில் பேசி, போர்டை நிரப்பி, போர்டை அழித்துவிட்டுப் போனார். நாற்பத்தைந்து வகுப்பும் அப்படியே போயின. எழுந்து கேட்கத் தைரியம் வராத பிள்ளைகள் என்ன செய்வார்களோ அதை அவள் செய்தாள். ஜெராக்ஸ் கடையில் 'முக்கியமான கேள்விகள்' வாங்கி, அறுபது கணக்கையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் மனப்பாடம் செய்தாள். கேள்வியில் ஐந்து இருந்த இடத்தில் ஏழு வந்தால் தீர்ந்தது. முப்பத்தொன்று, இருபத்தேழு, முப்பத்தெட்டு, நாற்பத்துநாலு, பத்தொன்பது, நாற்பத்தொன்று. ஆறு தடவை எழுதி வாங்கிய மார்க் இவை. ஐம்பது வேண்டும்.

இப்போது ஏழாவது தடவை. கடைசித் தடவையும் இதுதான். சேர்ந்த நாளிலிருந்து ஏழு வருஷத்துக்குள் முடிக்காவிட்டால் பாஸான நாற்பத்தேழு பேப்பரும் செல்லாது, பட்டம் கிடையாது. இதற்கிடையில் ஒரு கான்ட்ராக்டர் ஆபீசில் அவள் வீட்டு பிளான் வரைந்துகொண்டிருந்தாள். வரைவது அவள். கீழே கையெழுத்துப் போடுவது பட்டம் வாங்கிய வேறொருவர். அந்த ஆள் ஒரு தடவை மாடிப்படியே இல்லாத மாடிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மறுநாள் படியை வரைந்து சேர்த்தவள் இவள்தான்.

காளவாசலில் ஒரு பஞ்சர் கடைக்கு மேல் மாடியில் அரியர் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும் தமிழ்வாணி, பாண்டிமீனாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். வெட்கத்தை விட்டு அவளிடம் போனாள் பாண்டிமீனா. முதல் நாள் ஒரு கணக்கைக் கொடுத்துப் போடச் சொன்ன தமிழ்வாணி, பாதியிலேயே பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏ, நீ கணக்குப் போடலடி. ஒப்பிக்கிற."

"அப்படித்தான் வரும் எனக்கு."

"வராது. இது மாறுற பொருளோட கணக்கு. என்ன மாறுது, எம்புட்டு வேகமா மாறுதுன்னு மொதல்ல பாரு. அப்புறம் என்ன வகைன்னு பாரு. வகை தெரிஞ்சா வழி தெரியும். மனப்பாடமே வேணாம்."

ஆறு வாரம். பிளான் வேலைக்குப் போகும் முன் தினமும் காலையில் பரவையிலிருந்து பஸ் பிடித்துக் காளவாசலுக்குப் போனாள். கீழே லாரி டயரைச் சுத்தியலால் அடிக்கும் சத்தத்தில் மேலே தமிழ்வாணி கத்திக் கத்திச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு நாள் பாண்டிமீனா மிரண்டுபோய் நோட்டை மூடினாள். பின்னத்தின் அடியில் பூஜ்ஜியம் வந்துவிட்டது.

"பூஜ்ஜியம் வந்தா ஓடாதடி. ஒரு x-ஐ எடுத்து வெளிய வை. அடியில இருக்குறத ஒரு தடவ வகையிடு. மறுபடி போட்டுப் பாரு. அம்புட்டுத்தான்."

போட்டுப் பார்த்தாள். வந்தது. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கணக்கு அவள் ஒப்பிக்காமல் தானாக வந்து நின்றது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

பரீட்சை அன்று கேள்வித்தாளைத் திறந்தால், மனப்பாடம் செய்த அறுபதில் ஒன்றுகூட இல்லை. பன்னிரண்டாவது கேள்வி:

(D² − 5D + 6)y = e²ˣ

என்ன வகை என்று பார்த்தாள். வழி தெரிந்தது. D இருக்கும் இடத்தில் 2 போட்டாள். நான்கு, கழித்தல் பத்து, கூட்டல் ஆறு. பூஜ்ஜியம். ஓடவில்லை. ஒரு x-ஐ வெளியே வைத்தாள், அடியில் இருந்ததை வகையிட்டாள், மறுபடி 2 போட்டாள். கழித்தல் ஒன்று வந்தது. விடையின் முன்னால் ஒரு கழித்தல் குறி வந்து உட்கார்ந்துகொண்டது.

அங்கேதான் அவளுக்கு நம்பிக்கை விட்டுப் போயிற்று. தமிழ்வாணியோடு போட்ட கணக்கு எதிலும் கழித்தல் வந்ததில்லை. தப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று மனசு அடித்துச் சொன்னது. நம் பிள்ளைகளின் மனசு இருக்கிறதே, சரியாக வந்தால்தான் அதற்குச் சந்தேகமே வரும். தொட்டியில் உப்புத் தண்ணீர் கலக்கும் கணக்கில் கடைசி வரி வரவில்லை. இன்னொன்றைப் பாதியில் விட்டிருந்தாள். கூட்டிப் பார்த்தாள். கழித்தல் வந்ததைத் தப்பென்று தள்ளினால் நாற்பதைத் தாண்டவில்லை. இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அப்பா வரிசையில் நின்ற திங்கட்கிழமைகள் ஞாபகம் வந்தன. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று அம்மா சொல்வது ஞாபகம் வந்தது. விடைத்தாளில் கடைசிப் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. கை தானாகப் போய் 'ஐயா' என்று எழுதியது.

'ஐயா, வணக்கம். நான் மூட்டை இறக்கும் தொழிலாளியின் மகள். எங்கள் தெருவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண். இது எனக்குக் கடைசி வாய்ப்பு. எனக்குக் கணக்கு வராது. ஆனாலும் முயன்றிருக்கிறேன். இந்த ஏழைப் பெண்ணின் மேல் இரக்கம் காட்டித் தேர்ச்சி அளிக்குமாறு தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.'

ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. அவள் எழுதியதிலேயே நல்ல மனு அதுதான். எழுதி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

ரிசல்ட் வந்த அன்று எல்லோருக்கும் பாஸ், பெயில் என்று வந்தது. அவளுக்கு 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று வந்தது. பத்து நாள் கழித்து விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது.

பல்கலைக்கழகத்தின் அந்த அறையில் நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அம்மையார்தான் பேசினார். மேஜைமேல் அவளுடைய விடைத்தாள், கடைசிப் பக்கம் திறந்தபடி.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா மேடம்."

"திருத்துறவருக்கு வேண்டுகோள் எழுதுறது முறைகேடு. ஹால்டிக்கெட் பின்பக்கம் எட்டாவது விதி. படிக்கலையா?"

அவள் படிக்கவில்லை. ஊருக்கெல்லாம் விதி பார்த்து மனு எழுதிக் கொடுத்தவள் தன் ஹால்டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்ததில்லை. அம்மையார் தாளைப் புரட்டி முதல் பக்கத்துக்கு வந்தார். அங்கே மார்க் போடும் கட்டங்கள். தலைகீழாகத் தெரிந்தாலும் பாண்டிமீனாவால் படிக்க முடிந்தது. பன்னிரண்டாவது கேள்விக்குப் பதினாறுக்குப் பதினாறு. உப்புத் தண்ணீருக்குப் பத்து. பாதியில் விட்டதற்கு ஆறு. அடியில் கூட்டுத்தொகை ஐம்பத்து மூன்று. அதன்மேல் குறுக்காகச் சிவப்பு மையில் ஒரு கோடு. திருத்தியவர் எல்லாவற்றையும் திருத்தி, கூட்டி, பாஸ் போட்ட பிறகுதான் கடைசிப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறார்.

"மேடம், அந்தப் பன்னெண்டாவது... மைனஸ் வந்தது சரிதானா?"

அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். கணக்கு வாத்தியார்தான் போலிருக்கிறது. கணக்கை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார்.

"சரிதான். ரொம்பச் சுத்தமா போட்டிருக்கீங்க." தாளை மூடிவிட்டுக் கேட்டார். "பாஸ் மார்க் வாங்கிட்டு எதுக்கும்மா கெஞ்சுனீங்க?"

கைக்கு எட்டியதைப் பாண்டிமீனா தன் கையாலேயே தட்டிவிட்டிருக்கிறாள்.

ஓரத்தில் நின்ற கிளார்க் சுருளி ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "விளக்கக் கடிதம் எழுதிக் குடு தாயி. தெரியாம செஞ்சிட்டேன், மன்னிக்கணும்னு பணிஞ்சு எழுது. தண்டனையக் கொறைக்கப் பாப்பாக."

இன்னொரு மனு. அவளுக்குச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்தாள். 'கணக்குகளை நான்தான் போட்டேன். ஐம்பத்து மூன்று எனக்கு உரியது. கடைசிப் பக்கத்தில் எழுதியது தவறு' என்று மூன்று வரி எழுதினாள். பிறகு சுருளியின் முகத்தைப் பார்த்தாள், ஏழு வருஷத்தை நினைத்தாள். மூன்று வரியையும் அடித்துவிட்டு, அவர் சொன்னபடியே எழுதினாள்.

படித்துப் பார்த்துவிட்டு அம்மையார் பக்கத்தில் இருந்தவர்களோடு தாழ்ந்த குரலில் பேசிவிட்டு இவள் பக்கம் திரும்பினார். "பேப்பர் ரத்துங்கிறதுதான் இருக்கறதுலயே குறைஞ்ச தண்டனை. அதுக்குக் கீழ எங்களுக்கு அதிகாரம் இல்லம்மா. உங்களுக்கு ஏழு வருஷம்..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

வீட்டு வாசலில் அம்மா ராக்கம்மாளும் எதிர் வீட்டுச் செல்லக்கிளியும் உட்கார்ந்திருந்தார்கள். செல்லக்கிளி கையில் சுருட்டிய வெள்ளைத் தாள். முதியோர் பென்ஷன் கேட்டு நாலாவது மனு எழுதக் காத்திருக்கிறாள்.

"என்னத்தா சொன்னாக?" என்றாள் ராக்கம்மாள்.

"பேப்பர ரத்து பண்ணிட்டாகம்மா. இனிமே பட்டம் கெடையாது."

"பெயிலாக்கிட்டாகளா?"

"பெயில் இல்ல. பாஸு. அம்பத்தி மூணு."

"எம்புட்டு வேணும்?"

"அம்பது."

ராக்கம்மாள் யோசித்தாள். "அப்ப மூணு மிச்சம்" என்றாள். பிறகு மகள் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்த அம்மையார் கேட்டதையே அவளும் கேட்டாள். "பெறகு எதுக்குடி கேட்ட?"

"நமக்குக் கேட்டாத்தானம்மா குடுப்பாக."

சொன்னதும் உடைந்துவிட்டாள். அவள் அழுது ராக்கம்மாள் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அம்மா எழுந்து வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

செல்லக்கிளி தன் கையில் இருந்த தாளை விரித்துப் பார்த்தாள், மறுபடி சுருட்டினாள்.

"எனக்கும் அறுவது முடிஞ்சு ஆறு வருசமாச்சு. ரூல்படி எனக்கும் வந்துருக்கணும்ல ஆத்தா?"

"வந்துருக்கணும் பெரியம்மா."

"கேக்காமலே வந்துருக்கணும்."

"ஆமா."

செல்லக்கிளி எழுந்து நின்றாள். "சரித்தா. இன்னைக்கு உனக்கு மனசு சரியில்ல, நான் நாளைக்கு வாரேன். ஆனா எழுதுறப்ப நல்லா உருக்கமா எழுதிரு. நீ எழுதுனாத்தான் எரங்குவாக."

பாண்டிமீனா முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டித் தாளை வாங்கினாள். அனுப்புநர், பெறுநர் எழுதினாள். ஐயா, வணக்கம் எழுதினாள். வயது, கதவு எண், ரேஷன் கார்டு எண் எல்லாம் எழுதினாள். 'பணிந்து' வரவேண்டிய இடத்தில் பேனா நின்றது. செல்லக்கிளி பயந்துபோய் அவள் முகத்தையே பார்த்தாள்.

"அதையும் போட்ருத்தா" என்றாள்.

போட்டாள்.