வடை துறந்த வாரம்

1

இந்தக் கதை என் மனதில் உதித்ததல்ல. மேலாளர் ரகுபதியின் மின்னஞ்சலில் வந்தது. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. எங்கள் கம்பெனிப் பத்திரிகைக்கு 'நெகிழ்ச்சியாக ஒரு பக்கம்' கேட்டிருந்தார். நெகிழ்ச்சிக்கு அடிக்கோடு.

2

முதல் தொடக்கம்: "கருணை என்பது ஒரு வடையிலிருந்து—"

(அடித்துவிட்டேன்.)

நடந்ததைச் சொல்கிறேன். ஆரோக்கிய வாரம் என்று அறிவித்தார்கள். காலை ஒன்பது மணி டீயோடு வரும் வடையை வேண்டாம் என்று சொன்னால், அந்தக் காசில் வடக்குப்பட்டு அங்கன்வாடிக் குழந்தைகளுக்குப் பழம். ஒரே தியாகத்தில் இரண்டு ஆரோக்கியம். கட்டாயமில்லை. வடை தின்றவர்களின் பெயரை மட்டும் பலகையில் சிவப்பு மையில் எழுதினார்கள்.

3

அன்னக்கிளி, மூன்றாம் லைன், கான்ட்ராக்ட். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். இருங்காட்டுக்கோட்டையில் ஐந்து பேரோடு ஓர் அறை.

('வறுமையிலும் வள்ளல்' என்று எழுதச் சொன்னார் ரகுபதி. சம்பளம் தருவது நாம்தான் என்பது நினைவுக்கு வந்ததும் முதல் சொல்லை அவரே எடுத்துவிட்டார்.)

ஆறு மணி ஷிஃப்டுக்கு ஐந்து மணிக்கே பஸ். அந்த வடைதான் அவளுக்குக் காலைச் சாப்பாடு. நான்காம் நாள், வியாழக்கிழமை, மெஷின் பக்கத்தில் மயங்கி விழுந்தாள். முதலுதவி அறையில் நர்ஸ் ஜாஸ்மின் கேட்டாள்:

"காலைல இன்னா சாப்ட்ட?"

"வடயத்தான் குடுத்துட்டம்லாக்கா."

4

மறுநாள் வடக்குப்பட்டில் பழம் வழங்கும் விழா. மூன்றாம் லைனில் ஒருவர்கூட வடை தொடவில்லை என்பதால் அந்த லைன் சார்பில் அன்னக்கிளியைக் கூடையோடு நிறுத்தினார்கள். அங்கன்வாடி ஆயா லீலா அவள் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாமா, மூஞ்சி வெளுத்துப் போய்கீது? மொதல்ல நீ துன்னு."

ஓர் ஆப்பிளை எடுத்து அவள் கையில் திணித்தாள். அன்னக்கிளி கடித்தாள். குழந்தைகள் கைதட்டினார்கள். பத்திரிகைக்கு எடுத்த புகைப்படங்களில் அந்த ஒரு படம்தான் தெளிவாக விழுந்திருந்தது.

5

ரகுபதியின் முடிவு: "ஆரோக்கியத்துக்கு முன்மாதிரியாக, முதல் பழத்தைத் தானே சுவைத்து—"

என் முடிவு: "பட்டினியில் மயங்கிய பெண்ணுக்கு, அவள் கொடுத்த பழத்தையே—"

என்னுடையதை அனுப்பப் போனேன். அன்னக்கிளி என் மேஜைக்கு வந்தாள்.

"சார், நான் விழுந்தத எழுதிராதீய. சீக்குக்காரின்னு கான்ட்ராக்ட முடிச்சிருவாவ."

"அப்ப மேனேஜர் எழுதுனதையே போட்டுரவா?"

யோசித்தாள்.

"அது பொய்யில்லா?"

(அன்னக்கிளி அவள் பெயரல்ல. லைனும் மூன்றல்ல. ரகுபதி மட்டும் ரகுபதிதான்.)

6

திட்டம் அமோக வெற்றி. திங்கட்கிழமையிலிருந்து வடையே கிடையாது. டீயோடு ஒரு கரண்டி முளைகட்டிய பயறு. அன்னக்கிளி அதை ஒரே வாயில் போட்டுக்கொண்டு லைனுக்குப் போனாள்.

பக்கம் நாளை அச்சுக்குப் போகிறது. படம் வைத்தாயிற்று. அதன் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. அவள் வேலையும் போகக் கூடாது, பொய்யாகவும் இருக்கக் கூடாது. எனக்கு வரவில்லை. உங்களுக்கு வந்தால் முடித்துக் கொடுங்கள்:

அன்னக்கிளி ஆப்பிளைக் கடித்தாள், ஏனென்றால்