பச்சை விளக்கு

என்டர் பொத்தானின் மேல் விரலை வைத்துவிட்டு அழுத்தாமல் உட்கார்ந்திருந்தாள் ஜான்சி. கடலூரில் காலையிலிருந்து விடாத மழை. ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் ஏ.சி. ஓடியும் அவளுக்கு வேர்த்தது.

மேசை போனில் சிதம்பரம் கிளையின் ஸ்கேன் டெக்னீஷியன் சின்னையன். பாதிப் பேச்சுதான் வந்தது. "அக்கா... மாமாவுக்கு... படம் பாதிதான்..." மீதியை, முன்னால் வந்த துண்டுப் பேச்சுகளோடு சேர்த்து அவளே கோத்துக்கொண்டாள். அவன் அக்கா புருஷன் உத்திராபதி, வெள்ளம் ஓடும் ரோட்டில் வண்டியோடு விழுந்து, மண்டைக்குள் ரத்தம் கட்டிக்கொண்டிருக்கிறது. ரோடு அறுந்ததால் கடலூருக்குக் கொண்டுவர வழியில்லை. மூளை டாக்டர் மங்கலமோ இங்கே மாடியில். ஸ்கேன் படம் முழுசாக வந்தால், அதைப் பார்த்து எங்கே திறப்பதென்று அங்கிருக்கும் சர்ஜனுக்குப் போனில் சொல்லுவார். செல்போன் டவரெல்லாம் செத்துவிட்டன. படத்துக்கும் பேச்சுக்கும் ஆஸ்பத்திரியின் சொந்த லைன்தான் கதி.

அந்த லைனுக்கு இரண்டு வழிகள். ஒன்று ரயில் பாதையோரக் கேபிள். அதை ரவுட்டர்கள் ஒன்றையொன்று விசாரித்துத் தாமாகத் தெரிந்துகொள்ளும், அறுந்தால் உடனே மறந்துவிடும். மற்றது புதுச்சத்திரம் டவர் வழி. அது ஜான்சி கைப்பட எழுதிவைத்த ரூட். ஒன்றுக்கே பாரம் ஜாஸ்தியாகிவிடக் கூடாதென்று இரண்டுக்கும் சரிபாதியாகப் பிரித்துவிட்டு, பாராட்டு வேறு வாங்கியிருந்தாள். இன்று டவர் மழையில் படுத்துவிட்டது. எழுதிவைத்த ரூட்டுக்கு அது தெரியாது. சுவரில் மாட்டியிருக்கும் டவர் பெட்டியின் பச்சை விளக்கு, டவர் செத்தாலும் இங்கே கரண்ட் இருந்தால் எரியும்; அது எரிகிற வரைக்கும் நம்பிக்கொண்டே இருக்கும். நம்பிப் பாதியைச் செத்த டவருக்கே அனுப்பிக்கொண்டிருந்தது.

கடலூர் ரவுட்டரில் அந்த ரூட்டை நீக்கிவிட்டாள். சிதம்பரத்து ரவுட்டரிலும் இங்கிருந்தபடியே நீக்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினால் சிதம்பரமே கையைவிட்டுப் போய்விடும், போய்த் தொடுவதற்கு ரோடும் இல்லை. அதனால் இந்தத் தொழிலில் எல்லாரும் செய்யும் உபாயத்தை முதலில் செய்தாள். கால் மணி நேரம் கழித்து நீயாகவே அணைந்து எழுந்திரு என்று அந்த ரவுட்டருக்கு ஒரு கட்டளை. பிசகினால், சேமிக்காத மாற்றத்தை மறந்துவிட்டு அது எழுந்து பழையபடி நிற்கும். பிசகாவிட்டால் கட்டளையை ரத்து செய்துவிடலாம்.

"மாதாவே" என்று, ரூட்டை நீக்கும் கட்டளைக்கு என்டரை அழுத்தினாள். திரை அசையாமல் நின்றது. பிறகு சிதம்பரம் பதில் சொன்னது.

"அக்கா, படம் போவுதுக்கா! கடகடன்னு போவுது!" சின்னையனின் குரல் இப்போது முழுசாக வந்தது. அதிலிருந்த அழுகையும் முழுசாக வந்தது. "எங்க அக்கா இங்கதான் நிக்கிறாங்க. மாமா பொழச்சிக்குவாருல்ல?"

"டாக்டரு பாத்துக்குவாங்க சின்னையா. போனை வையி, லைன் அவுங்களுக்கு வேணும்."

ஜான்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணால் பார்த்தால்தான் மனசு ஆறும் போலிருக்க, மாடிக்கு ஓடினாள். டாக்டரின் திரையில் உத்திராபதியின் மண்டைப் படம் துண்டு துண்டாக வந்து நிறைந்திருந்தது. அவர் ஸ்பீக்கர் போனில் பேசிக்கொண்டிருந்தார். "காதுக்கு மேல, இன்னும் கொஞ்சம் முன்னால வாங்க. ஆங், அங்கதான். ஆரம்பிங்க, நான் லைன்லயே இருக்கேன்."

வாசலில் நின்ற ஜான்சியைப் பார்த்துச் சிரித்தார். "நல்ல வேலை செஞ்சம்மா. இன்னும் கொஞ்ச நேரம் லைன் இப்படியே நிக்கட்டும். அது போதும்."

நிற்கட்டும் என்றதும்தான் அவளுக்கு அந்தக் கால் மணிக் கட்டளை நினைவுக்கு வந்தது. அதை ரத்து செய்யவில்லை. சந்தோஷத்தில் புது மாற்றத்தைச் சேமிக்கவும் இல்லை. ரவுட்டர் அணைந்தால் போன் அறுந்துவிடும். எழும்போது பழைய ரூட்டும் கூடவே எழும். அங்கே ஒருவனுடைய மண்டையைத் திறந்துகொண்டிருக்கிறார்கள்.

படிகளில் விழாத குறையாக இறங்கினாள். ஒரு செருப்பு மேலேயே நின்றுவிட்டது. பாஸ்வேர்டை ஒரு தடவை தப்பாக அடித்தாள். ரத்து என்று அடித்து என்டரை அழுத்தினாள்.

திரை அசையவில்லை.

மாடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த டாக்டரின் குரலும் நின்றிருந்தது. எதிர்முனை சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாரா, எதிர்முனையே இல்லையா, தெரியவில்லை. ஜான்சி ஒற்றைச் செருப்போடு, மாடிப்படிப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். சுவரில் டவர் பெட்டியின் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.