எல்பெர்ட்டா முடியும் வரை

ஜார்ஜியாவின் அந்த மாவட்டத்தில் எல்லாக் காரியமும் எல்பெர்ட்டாவுக்கு அப்புறம்தான். பல் பிடுங்குவது, கூரை மாற்றுவது, பெண்ணைக் கட்டிக்கொடுப்பது, எல்லாம். ஜூலை இரண்டாம் வாரத்தில் எல்பெர்ட்டா ரகப் பீச் பழுக்க ஆரம்பிக்கும். பத்து நாளில் மொத்தமும் பழுத்துத் தொலையும். கடைசிக் கூடை கொட்டகைக்கு வந்ததும் முதலாளி மணியை அடிப்பார். அதோடு வருஷம் முடிந்தது. சாவு மட்டும் மணிக்குக் காத்திருக்காது. அதை ஒரு குறையாகவே சொல்கிறவர்கள் உண்டு.

ஒஸெல்லா டார்வரும் மணிக்குக் காத்திருக்கவில்லை. 1949இல், மணிக்கு இரண்டு நாள் முன்பு பிறந்துவிட்டாள். ப்ளெட்சோ தோட்டத்தில், மணி அடிக்கும்போது கொட்டகையில் நிற்பவர்களுக்கு மட்டும் கிறிஸ்துமஸுக்கு ஒரு பன்றித்தொடை கிடைக்கும். மே மாதத்திலிருந்து வயிற்றைத் தள்ளிக்கொண்டு பழம் பிரித்த அவள் அம்மா ஐடெல் அன்று நிற்கவில்லை, படுத்திருந்தாள்.

"நின்னவங்களுக்குத்தான்னு ஒப்பந்தத் தாள்ல இருக்கும்மா. தாள்ல என்ன இருக்கோ அதுதான்" என்றார் முதலாளி ஹாய்ட் ப்ளெட்சோ.

வார்த்தை தவறாத மனிதர் என்று ஊரில் அவருக்குப் பேர். எழுதுகிறவரும் அவர், படித்துச் சொல்கிறவரும் அவர் என்றால் தவறுவதற்கு என்ன இருக்கிறது?

இருபத்து மூன்று வருஷம் கழித்து ஒஸெல்லா தோட்டக்கலையில் பட்டம் வாங்கிக்கொண்டு வந்தாள். பழம் பிரிக்கிற குடும்பங்களில் அதுதான் முதல் பட்டம். சுற்றியிருந்த ஐந்து தோட்டங்களில் வேலை கேட்டாள். கறுப்புப் பெண்ணை மேற்பார்வைக்கு வைக்கிற வழக்கமில்லை என்று மூன்று பேர் சொன்னார்கள். இரண்டு பேர் அதைச் சொல்லக்கூட வெளியே வரவில்லை.

ப்ளெட்சோவுக்கு வேறு வழி இல்லாமல் போனது. அவருடைய மேற்பார்வையாளர் மே மாத நடுவில், பழம் மரத்தில் இருக்கும்போதே, பக்கத்துத் தோட்டத்துக்கு ஓடிவிட்டார். அண்ணன் மகன் ரஸ்ஸை மேற்பார்வைக்கு அனுப்பிப் பார்த்தார். ரஸ்ஸுக்குச் சிவப்பாக இருந்தால் பழம். வெயில் படுகிற கன்னத்தில் காய்கூடச் சிவக்கும். சிவப்பில்லாத இடத்தில் பச்சை போய் மஞ்சள் வந்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இதற்குப் பட்டம் தேவையில்லை, ஐடெல்லுக்கே தெரியும். ஐடெல்லை யாரும் கேட்டதில்லை.

"எல்பெர்ட்டா முடியட்டும். அப்புறம் உன்னை வச்சுக்கலாமா வேண்டாமான்னு பார்க்கலாம்" என்றார் ப்ளெட்சோ. "ஆனா நீயும் நடுவுல ஓடிட்டா?"

"தாள்ல எழுதிடுங்க ஐயா" என்றாள் ஒஸெல்லா.

அவர் சொல்லச் சொல்ல அவளே தட்டச்சு செய்தாள். 'எல்பெர்ட்டாவின் கடைசிக் கூடையைப் பறித்து மணி அடிக்கும் வரை இவள் வேலையை விட்டுப் போகக் கூடாது. நானும் அனுப்ப மாட்டேன். மணி அடித்த பின் என் இஷ்டம்.' ப்ளெட்சோ கையெழுத்துப் போட்டார். அவளைக் கட்டிப்போட்டுவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

அந்த வருஷம் ஒரு லாரிகூடக் காயென்று திரும்பி வரவில்லை. பாராட்டு எதுவும் வரவில்லை. ரஸ் மட்டும் அவள் பின்னாலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு சுற்றினான். அவள் சொல்வதை எல்லாம் எழுதிக்கொண்டான். எதற்கென்று அவளுக்குத் தெரியும். மணி அடித்த மறுநாள் அந்த நோட்டோடு அவன் மேற்பார்வையாளர் ஆவான், அவள் கழுத்தெல்லாம் பீச் சுணை அரிக்க அம்மா பக்கத்தில் நின்று பழம் பிரிப்பாள்.

ஜூலையில், பழத்தை டப்பாவில் அடைக்கிற ஆலைக்காரர்கள் எல்பெர்ட்டா இந்த வருஷம் வேண்டாம் என்றார்கள். கடைக்காரர்களுக்கோ முழுசாகச் சிவந்த புது ரகம்தான் வேண்டும். தோட்டத்தில் மிஞ்சியிருந்தது ஆறு வரிசை எல்பெர்ட்டா.

"தொடவே வேண்டாம் சித்தப்பா. பறிக்கிற கூலிக்கே கட்டாது. தானா விழட்டும். பனிக்காலத்துல மரத்தையே பிடுங்கிடலாம்" என்றான் ரஸ்.

அவன் வாழ்க்கையில் சொன்ன ஒரே சரியான கணக்கு அது. பழம் விழுந்தது. செம்மண்ணில் அழுகியது. குளவி மொய்த்தது. ஆகஸ்ட் நடுவில் மரங்களில் இலை தவிர ஒன்றுமில்லை. மணியை யாரும் அடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கூலி வாங்க வந்தபோது ஐடெல்தான் ஆரம்பித்தாள்.

"ஐயா, மணி அடிக்கலையே. எங்க தொடை?"

"மணி அடிச்சாத்தானேம்மா தொடை."

"அப்போ பருவம் முடியலையா? பழமெல்லாம் தரையில கிடக்கு."

நாற்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நாற்பது தொடை. ப்ளெட்சோ தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"கடைசிக் கூடை வரல. மணி அடிக்கல. தாள்படி பார்த்தா எல்பெர்ட்டா இன்னும் முடியல. தாள்ல என்ன இருக்கோ அதுதான்."

"இவரு இருக்காரே, உப்புக்கண்டத்துலயும் உப்பை உருவுற ஆளு" என்று ஐடெல் போகிற வழியெல்லாம் திட்டினாள். ஒஸெல்லா கூடவே நடந்தாள். "ஏண்டி, நாக்கு செத்துப்போச்சா? படிச்சவ நாலு கேள்வி கேக்கக் கூடாது?"

"அவரு சொன்னது சரிதாம்மா" என்றாள் ஒஸெல்லா. அன்று முழுக்க ஐடெல் மகளோடு பேசவில்லை.

திங்கட்கிழமை ப்ளெட்சோ அவளைக் கூப்பிட்டார். ரஸ் ஏற்கெனவே அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"நல்லா வேலை செஞ்சே. எல்பெர்ட்டா முடிஞ்சுபோச்சு. இனிமே ரஸ் பார்த்துப்பான்."

"முடியலையே ஐயா."

"என்ன முடியல?"

அவள் தாளை மேசைமேல் வைத்தாள். "கடைசிக் கூடையைப் பறிக்கல. மணி அடிக்கல. வெள்ளிக்கிழமை நாற்பது பேர் முன்னாடி நீங்களே சொன்னீங்க."

ப்ளெட்சோ தாளைப் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பின்பக்கம் காலியாக இருந்தது.

"இப்பவே போய் மணியை அடிச்சிடறேன் சித்தப்பா" என்று ரஸ் எழுந்தான்.

"உக்காருடா மடையா. மணி அடிச்சா தொடை குடுக்கணும். வாசல்ல யார் நிக்கறாங்கன்னு பாரு."

வாசலில் ஐடெல் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பன்னிரண்டு பேர். யாரும் சண்டைக்கு வந்த மாதிரி தெரியவில்லை. சும்மா மணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பழமே இல்லாம எதைப் பறிச்சு மணி அடிக்கறது?" என்றார் ப்ளெட்சோ, ரஸ்ஸைப் பார்த்து. "விழட்டும்னவன் நீதானே?"

"சரி, அந்த நாற்காலி என்னுது மிஸ்டர் ரஸ்" என்றாள் ஒஸெல்லா.

பனிக்காலத்தில் ஆறு வரிசையையும் பிடுங்கினார்கள். கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த ஒரே ஒரு எல்பெர்ட்டாவை மட்டும் விட்டுவைக்கச் சொன்னார் ப்ளெட்சோ. ஊரில் சிலர் பழைய பாசம் என்று நினைத்தார்கள். அவளிடம் அவர் ஒளிக்கவில்லை.

"அடுத்த ஜூலையில இதுலேர்ந்து ஒரு கூடை பறிப்பேன். மணி அடிப்பேன். தொடை போனாலும் போகட்டும். அன்னிக்கே நீ கிளம்பலாம்."

"சரிங்க ஐயா."

மார்ச்சில் அந்த மரம் மற்ற எல்லா மரத்தையும்விட நன்றாகப் பூத்தது. ஏப்ரலில் பிஞ்சு பிடித்தது. ஏப்ரல் முழுக்க, நெருக்கமாக இருக்கும் பிஞ்சுகளைக் கிள்ளி எறிகிற வேலை நடக்கும். அப்போதுதான் மிச்சம் இருப்பது பருக்கும். எதைக் கிள்ளுவது, எதை விடுவது என்று முடிவு செய்வது மேற்பார்வையாளர். பிஞ்சுக்குப் பிஞ்சு ஒரு சாண் இடைவெளி விடச் சொல்லி ஒஸெல்லா ஆட்களைத் தோட்டம் முழுக்க அனுப்பினாள். கொட்டகை மரத்துக்கு மட்டும் யாரையும் அனுப்பவில்லை. ஏணியை எடுத்துக்கொண்டு அவளே ஏறினாள்.

ஜூலை இரண்டாம் வாரம் ப்ளெட்சோ கையில் ஒரு கூடையோடு வந்தார். மரத்தை ஒருமுறை சுற்றி வந்தார். கிளையைத் தூக்கிப் பார்த்தார். மறுபடி சுற்றினார்.

"ஒண்ணுகூட இல்லையே!"

"கொஞ்சம் நெருக்கமா இருந்துச்சு ஐயா" என்றாள் ஒஸெல்லா.